டை ராட் எண்டை வீட்டில் மாற்றலாம், ரேக்கில் கைவைக்க வேண்டாம்

கேள்வி கேட்ட நண்பர் எழுதியிருப்பதன் சுருக்கம் இது. 2012ஆம் ஆண்டு ஸ்விஃப்ட் டீசல் கார், சென்னையில் ஓடுகிறது, ஒரு லட்சம் கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. சிறு பள்ளங்களில் முன்பக்கத்திலிருந்து 'டக் டக்' என்று ஒலி வருகிறது. நேரான சாலையில் ஸ்டியரிங் கொஞ்சம் தளர்ந்து கிடக்கிறது. இடது முன் டயர் மட்டும் உள்விளிம்பில் தேய்ந்திருக்கிறது. பட்டறையில் காட்டியதற்கு, ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் எண்ட், ரேக் எண்ட், சக்கரத்தின் அடியைப் பிடிக்கும் லோயர் ஆர்ம் எல்லாமே போய்விட்டன, ஸ்டியரிங்கின் பற்தண்டான ரேக்கையும் சேர்த்து மாற்றிவிடுவது நல்லது என்று சொல்லியிருக்கிறார்கள். பிரேக் பேடைத் தானே மாற்றிய அனுபவம் இவருக்கு உண்டு. இந்த வேலையையும் வீட்டிலேயே செய்யலாமா என்று கேட்கிறார்.

இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. உண்மையில் எந்தப் பாகம் தேய்ந்திருக்கிறது என்பது ஒன்று. அதை மாற்றிவிட்டுக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் நிம்மதியாகப் போக முடியுமா என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். டை ராட் எண்டை நீங்கள் தாராளமாக மாற்றலாம். லோயர் ஆர்மை, இடமும் கருவியும் பொறுமையும் இருந்தால் மாற்றலாம். ரேக் எண்டுக்குத் தனிக் கருவி வேண்டும். அது இல்லாமல் தொடாதீர்கள். ரேக்கைக் கழற்றும் வேலை வீட்டு வாசலுக்கு உரியதல்ல. இவற்றில் எதைச் செய்தாலும் கடைசியில், சக்கரங்களின் கோணங்களைச் சரிசெய்யும் வீல் அலைன்மெண்ட் கடைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்துவிட்டுப் பல ஆண்டுகளாகக் கார்களின் முன்பக்க வேலைகளைத்தான் அதிகம் பார்த்து வருகிறேன். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்: முதல் கேள்விக்குப் பதில் கண்டுபிடிப்பதுதான் இந்த வேலையில் பாதிக்கு மேல். கழற்றி மாட்டுவது அதற்குப் பிறகு வருவது.

முன்பக்கம் எப்படி அமைந்திருக்கிறது என்பதைப் பார்த்துவிடுவோம். நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அதன் தண்டின் முனையிலுள்ள பினியன் என்ற சிறு பற்சக்கரம் ரேக் என்ற நீண்ட பற்தண்டை இடமும் வலமும் நகர்த்துகிறது. ரேக்கின் இரு முனைகளிலும் ஒரு பந்து மூட்டு உண்டு; அதைத்தான் பட்டறையில் ரேக் எண்ட் என்கிறோம். துருத்திபோல மடிப்பு மடிப்பாக இருக்கும், 'பூட்' என்ற ரப்பர் உறைக்குள் அது மறைந்திருக்கும். அதிலிருந்து வெளியே வரும் கம்பியின் முனையில் திருகி மாட்டப்பட்டிருப்பது டை ராட் எண்ட். அதன் கூம்பு வடிவத் தண்டு சக்கரத்தைத் தாங்கும் நக்கிளின் துளையில் உட்காருகிறது. லோயர் ஆர்ம் ஸ்டியரிங்கைச் சேர்ந்ததல்ல. சக்கரத்தின் அடிப்பகுதியைச் சட்டத்தோடு பிணைக்கும் சஸ்பென்ஷன் பாகம். ஆனால் அதன் பால் ஜாயிண்டோ (பந்து மூட்டு) ரப்பர் உருளையான புஷ்ஷோ தேய்ந்தாலும் ஓட்டுபவருக்கு ஸ்டியரிங் தளர்ந்ததுபோலவே தெரியும். குழப்பம் தொடங்கும் இடம் இதுதான்.

தேய்ந்துபோன ஒரு டை ராட் எண்டை அறுத்துப் பார்த்தால் உள்ளே என்ன நடந்திருக்கிறது என்பது விளங்கும். உருண்டையான எஃகுப் பந்து ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்துக்குள் கிரீஸில் மிதந்தபடி சுழல வேண்டும். வெளியே இருக்கும் சிறு ரப்பர் உறை கிழிந்துவிட்டால் மழைநீரும் மண்ணும் உள்ளே போய், கிரீஸ் சாம்பல் நிறச் சேறாகிவிடும். பந்தின் பளபளப்பு போய்ச் சொரசொரப்பாகும், கிண்ணம் தேயும். பழைய வண்டிகளில் இந்த மூட்டுகளில் கிரீஸ் நிப்பிள் இருந்தது. சர்வீஸின்போது கன் வைத்துக் கிரீஸ் அடிப்பார்கள். இன்றைய சிறிய கார்களில் பெரும்பாலும் அது கிடையாது, தயாரிக்கும்போதே மூடி அனுப்பிவிடுகிறார்கள். ஆகவே ரப்பர் உறை கிழிந்தது தெரிந்தால், இன்னும் ஆட்டம் வரவில்லை என்றாலும் அந்தப் பாகத்தின் ஆயுள் எண்ணப்பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது சோதனைக்கு வருவோம். கார் தரையில் நிற்கட்டும், கைபிரேக் போட்டிருக்கட்டும். சாவியைப் போட்டு ஸ்டியரிங் பூட்டை விடுவித்துவிட்டு, ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இடமும் வலமும் கொஞ்சமாக, ஆனால் விட்டுவிட்டுச் சட்டென்று அசைக்க வேண்டும். நீங்கள் சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டை ராட் எண்டின் மேல் விரலை வையுங்கள். நல்ல மூட்டு என்றால் கம்பியும் நக்கிளும் ஒன்றாகவே நகரும். தேய்ந்த மூட்டு என்றால் கம்பி முதலில் நகர்ந்து, ஒரு கணம் கழித்து நக்கிள் நகரும். அந்த இடைவெளி விரலில் தெளிவாகத் தட்டும். கண்ணைவிட விரலை நம்புங்கள். அடுத்து, ரேக்கின் ரப்பர் உறையை மெல்ல அழுத்திப் பிடித்து உள்ளே இருக்கும் ரேக் எண்டையும் இப்படியே உணர்ந்து பாருங்கள்.

பிறகு முன்பக்கத்தைத் தூக்கி, ஜாக்கி ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு, சக்கரத்தைப் பக்கவாட்டில், அதாவது கடிகாரத்தில் மூன்றும் ஒன்பதும் இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டுங்கள். எதிர்ப்பக்கச் சக்கரம் அசையும் முன்பே கையில் தட்டினால் டை ராட் எண்ட் அல்லது ரேக் எண்டில் ஆட்டம் இருக்கிறது. மேலும் கீழுமாக, பன்னிரண்டு ஆறு இடங்களில் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் வீல் பேரிங் அல்லது லோயர் பால் ஜாயிண்ட். இரண்டையும் பிரித்தறிய எளிய வழி உண்டு. ஒருவரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடியும் ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்துவிட்டால் பேரிங். மறையாமல் இருந்தால் பால் ஜாயிண்ட் அல்லது சஸ்பென்ஷன். லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்களை ஒரு நெம்புகோலால் மெல்ல நெம்பி, ரப்பர் இரும்பிலிருந்து விட்டுப்போயிருக்கிறதா, வெடித்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

சிறு பள்ளங்களில் வரும் 'டக் டக்' ஒலிக்கு என் அனுபவத்தில் மிக அதிகமாகக் காரணமாக இருப்பது ஸ்டியரிங் பாகமே அல்ல, வளைவில் கார் சாய்வதைக் குறைக்கும் கம்பியைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் ஸ்டெபிலைசர் லிங்க். விலை குறைந்த, இரண்டே நட்டுகளில் மாறிவிடும் பாகம் அது. அதைக் கையால் பிடித்து ஆட்டினாலே தெரிந்துவிடும். அடுத்த சந்தேகம், சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட். ஒருவர் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சுருள்வில்லின் மேல் கையை லேசாக வைத்துப் பாருங்கள். சீராகச் சுழலாமல் இறுகி இறுகித் துள்ளினால் மவுண்ட் பேரிங் போயிருக்கிறது. எலெக்ட்ரிக் ஸ்டியரிங் உள்ள சில கார்களில், மோட்டாருக்குள் இருக்கும் சிறு ரப்பர் இணைப்பு தேய்ந்தாலும் டேஷ்போர்டுக்குக் கீழிருந்து இதே மாதிரி ஒலி வரும். இவை எதையும் பார்க்காமல் டை ராட் எண்டை மாற்றினால் ஒலி அப்படியே இருக்கும், பணம் மட்டும் போயிருக்கும்.

உங்கள் டயர் தேய்மானத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். டை ராட் எண்ட் தேய்ந்தோ, சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்பதைக் குறிக்கும் டோ என்ற கோண அளவு தவறியோ டயர் தேய்ந்தால், அது பெரும்பாலும் முன் டயர்கள் இரண்டிலும் ஏறக்குறைய சமமாகத் தெரியும். ஓட்டும்போது ஸ்டியரிங் தானாகவே சற்றுத் திரும்பித் தவறை இரு சக்கரங்களுக்கும் பங்கிட்டுவிடுவதுதான் இதற்குக் காரணம். ஒரு பக்கம் மட்டும் உள்விளிம்பு போயிருக்கிறது என்றால் அந்தச் சக்கரத்தின் கேம்பர் மாறியிருக்கலாம். அதாவது சக்கரம் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து நிற்கலாம். பள்ளத்தில் விழுந்து வளைந்த ஸ்ட்ரட், வளைந்த நக்கிள், நைந்த லோயர் ஆர்ம் புஷ் என்று இதற்குக் காரணங்கள் பல. ஆகவே உங்கள் காரில் இடது லோயர் ஆர்ம் மேல்தான் என் முதல் சந்தேகம். ஆனால் எழுத்தில் படித்த ஒலியையும் தேய்மானத்தையும் வைத்து என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. வண்டியைத் தொட்டுப் பார்க்கும் கைதான் முடிவு சொல்ல வேண்டும்.

சோதனை முடிந்து குற்றவாளி டை ராட் எண்ட்தான் என்று உறுதியானால், பாகம் வாங்கப் போங்கள். கம்பெனி உதிரிபாகம் வாங்கலாம். அல்லது கார் கம்பெனிகளுக்கே ஸ்டியரிங் பாகங்கள் செய்துகொடுக்கும் தயாரிப்பாளர்களின் பாகத்தை வாங்கலாம். 1929இல் சென்னையில் தொடங்கிய ரானே குழுமம் அத்தகைய தயாரிப்பாளர்களில் ஒன்று. பெயரில்லாத பெட்டியில், கேட்ட விலைக்குப் பாதியில் கிடைப்பதை வாங்காதீர்கள். புதுப் பாகத்தின் தண்டை விரலால் அசைத்துப் பாருங்கள். அது எல்லாப் பக்கமும் ஒரே சீரான இறுக்கத்தோடு நகர வேண்டும். லொடலொடவென்று ஆடினாலும் கூடாது, ஒரு இடத்தில் மட்டும் சிக்கினாலும் கூடாது. இடது, வலது என்று வேறுவேறாக இருக்கும் பாகம் என்றால் பழையதோடு ஒப்பிட்டு வளைவும் திருகுப் புரியும் பொருந்துகின்றனவா என்று கடையிலேயே பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் போயிருந்தால் இரண்டையும் மாற்ற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எப்படியும் அலைன்மெண்டுக்குப் பணம் கொடுக்கப் போகிறோம், மற்றதும் அதே கிலோமீட்டர் ஓடியதுதான் என்பதால் நான் இரண்டையும் சேர்த்தே மாற்றச் சொல்வேன்.

தூக்கும் விஷயத்தில் எந்தச் சமரசமும் வேண்டாம். காரோடு வந்த ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கு மட்டும்தான். அதன் பலத்தில் காரை நிறுத்திவிட்டு உடம்பை அடியில் நுழைக்காதீர்கள். செங்கல், ஹாலோ பிளாக், மரத்துண்டு எதுவும் ஜாக்கி ஸ்டாண்டுக்கு மாற்றாகாது. ஹாலோ பிளாக் எந்த எச்சரிக்கையும் தராமல் ஒரே நொடியில் பொடிந்துவிடும். சிமெண்ட் தரை, சமதளம், பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை, முதல் கியர், கைபிரேக். சக்கர நட்டுகளைக் கார் தரையில் இருக்கும்போதே கால் சுற்றுத் தளர்த்திவிட்டு அதன் பிறகே தூக்க வேண்டும். கழற்றிய சக்கரத்தைக் காரின் விளிம்புக்கு அடியில் படுக்க வைத்துவிடுங்கள். ஸ்டாண்ட் நழுவினாலும் கார் அதன் மேல்தான் உட்காரும், உங்கள் மேல் அல்ல.

வேலைக்கு முந்தைய நாள் இரவே, டை ராட் எண்டைக் கம்பியில் சுழலாமல் பிடிக்கும் லாக் நட்டிலும் மூட்டின் நட்டிலும் துருநீக்கி ஸ்பிரே அடித்து ஊற விடுங்கள். மறுநாள் கம்பித் தூரிகையால் திருகுப் புரியைச் சுத்தம் செய்யுங்கள். இனி வரிசை முக்கியம். மூட்டு நக்கிளில் இறுக்கமாக உட்கார்ந்திருக்கும்போதே முதலில் லாக் நட்டைத் தளர்த்துங்கள். ஒரு ஸ்பானரால் டை ராட் எண்டின் தட்டையான பகுதியைப் பிடித்துக்கொண்டு, மற்றொன்றால் லாக் நட்டைக் கால் சுற்று மட்டும் திருப்பினால் போதும். மூட்டைப் பிரித்துவிட்டு இதைச் செய்யப் போனால் எல்லாம் சேர்ந்து சுழன்று படாதபாடு படுத்தும். அடுத்து, மூட்டுத் தண்டின் நடுவிலிருந்து லாக் நட்டின் விளிம்பு வரை உள்ள நீளத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். லாக் நட் கம்பியில் எங்கே நிற்கிறது என்பதை வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு போட்டுக் குறித்துவிடுங்கள். பலரும் எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணுவதோடு விட்டுவிடுகிறார்கள். புதுப் பாகத்தின் உடல் நீளம் பழையதைவிட ஓரிரு மில்லிமீட்டர் வேறுபட்டால் அந்த எண்ணிக்கை பொய்யாகிவிடும். அளவு பொய் சொல்லாது.

இப்போது, நட்டு கழலாமல் குறுக்கே செருகியிருக்கும் காட்டர் பின்னை உருவிவிட்டு நட்டைத் தளர்த்துங்கள், ஆனால் முழுவதும் கழற்றாதீர்கள். நட்டின் மேல்விளிம்பும் தண்டின் முனையும் ஒரே மட்டத்தில் நிற்கட்டும். மூட்டு விடுபடும்போது திடீரென்று தெறிக்காமல் நட்டு தாங்கிக்கொள்ளும். தண்டின் திருகுப் புரியும் நசுங்காது. கூம்புத் தண்டு கூம்புத் துளையில் அழுத்தப்பட்டு உட்கார்ந்திருப்பதால் நட்டைக் கழற்றினாலும் அது தானாக வராது, இழுத்தாலும் வராது. திருகு வகை பால் ஜாயிண்ட் புல்லர் ஒன்றை வாங்கியோ இரவல் வாங்கியோ பயன்படுத்துங்கள். அதைப் பொருத்தி இறுக்கிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் துப்பாக்கி வெடித்ததுபோல 'டப்' என்று சத்தம் கேட்கும், மூட்டு விட்டுவிடும். அந்த நேரத்தில் முகத்தை அருகில் வைக்காதீர்கள். புல்லர் இல்லாவிட்டால், தண்டு நுழையும் நக்கிளின் காதுப் பகுதியைப் பக்கவாட்டில் கனமான சுத்தியலால் ஓங்கித் தட்டுவது பழைய பட்டறை வழக்கம். அந்த அதிர்வில் துளை கணநேரம் விரிந்து கூம்பை விட்டுவிடும். அடி விழ வேண்டியது நக்கிளின் காதில். தண்டின் முனையில் அடித்தால் திருகுப் புரி காளான்போல விரிந்து நட்டு வெளியே வராது. ஏபிஎஸ் சென்சாரின் ஒயர் பக்கத்திலேயே ஓடும், அடி அதன் மேல் விழாமல் பாருங்கள். இரட்டை நாக்குள்ள கவைக்கருவியை அடித்து இறக்கும் முறையும் உண்டு. தூக்கிப் போடப்போகும் மூட்டுக்கு அது பரவாயில்லை. நல்ல மூட்டில் அதைப் பயன்படுத்தினால் ரப்பர் உறை கிழிவது நிச்சயம்.

புதியதைத் திருகும் முன் நக்கிளின் துளையை உலர்ந்த துணியால் பளிச்சென்று துடையுங்கள். கூம்பில் எண்ணெயோ கிரீஸோ தடவக் கூடாது. உலர்ந்த இரும்பும் இரும்பும் அழுந்திப் பிடிப்பதுதான் அந்த இணைப்பின் பலம். குறித்த நீளம் வரும்வரை திருகி, தண்டைத் துளையில் நுழைத்து, புது நட்டைப் போடுங்கள். நட்டை இறுக்கும்போது தண்டும் சேர்ந்து சுழன்றால், மூட்டின் உடலை நெம்பி அழுத்திக் கூம்பை உட்கார வையுங்கள், பிறகு பிடித்துக்கொள்ளும். சிறிய கார்களில் இந்த நட்டுக்குச் சொல்லப்படும் இறுக்கம் பெரும்பாலும் 30 முதல் 50 நியூட்டன் மீட்டருக்குள்தான் இருக்கும். உங்கள் காருக்கான எண்ணைச் சர்வீஸ் கையேட்டில் பார்த்து டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். 40 நியூட்டன் மீட்டர் என்பது கால் மீட்டர் நீளமுள்ள ஸ்பானரின் முனையில் ஏறக்குறைய 16 கிலோ அழுத்தம். பலசாலிகள் பைப் போட்டு ஏறி மிதிக்கும் வேலை அல்ல இது. பள்ளம் வெட்டிய கேஸில் நட்டு என்றால், காட்டர் பின்னுக்கான துளையும் பள்ளமும் நேருக்கு நேர் வராவிட்டால் இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் பொருத்த வேண்டும்; தளர்த்திப் பொருத்தக் கூடாது. பழைய காட்டர் பின்னை நிமிர்த்தித் திரும்பப் போடாதீர்கள். நைலான் வளையம் உள்ள நட்டும் அப்படித்தான், ஒருமுறை கழற்றினால் புதியது போட வேண்டும்.

லாக் நட்டை இறுக்கும் முன் ஒரு சிறு கவனம் தேவை. மூட்டின் உடல் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றால், ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பும்போது பந்து அதன் எல்லையில் முட்டும். உடல் நடுநிலையில் இருக்குமாறு பிடித்துக்கொண்டே லாக் நட்டை இறுக்குங்கள். பிறகு ஸ்டியரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருப்பச் சொல்லி, எதுவும் உரசுகிறதா, ரேக் பூட் முறுக்கிக்கொள்கிறதா என்று பாருங்கள். சக்கரத்தை மாட்டி, காரை இறக்கி, சக்கர நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக இறுக்குங்கள்.

லோயர் ஆர்மைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்கள் காரில் பால் ஜாயிண்ட் ஆர்மோடு சேர்ந்தே வருகிறது. அதன் தண்டை நக்கிளில் ஒரு போல்ட் குறுக்கே இறுக்கிப் பிடித்திருக்கும். அந்த போல்ட்டை முழுவதும் உருவினால்தான் தண்டு இறங்கும். ஆர்மை விடுவித்த பிறகு சக்கர ஹப்பை வெளிப்பக்கம் இழுக்காதீர்கள், ஆக்ஸிலின் உள்மூட்டு பிரிந்துவிடும். மிக முக்கியமானது, ஆர்மின் புஷ் போல்ட்டுகளைக் கார் தொங்கும்போது இறுதியாக இறுக்கக் கூடாது. கையளவில் இறுக்கிவிட்டு, காரின் எடை சக்கரத்தில் வந்த பிறகு முழு இறுக்கம் கொடுக்க வேண்டும். தொங்கும் நிலையில் இறுக்கினால் கார் இறங்கியதும் புஷ்ஷின் ரப்பர் நிரந்தரமாக முறுக்கேறி நின்று, சில மாதங்களிலேயே கிழிந்துவிடும். புது ஆர்ம் சீக்கிரம் போய்விட்டது என்று வருபவர்களில் பலருக்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு. இடமின்மையால் இந்த வேலையைப் பட்டறையில் கொடுத்தாலும், எடையேற்றிய பிறகு இறுக்கினார்களா என்று பக்கத்தில் நின்று கேளுங்கள்.

ரேக் எண்டை மாற்ற, கம்பியின் மேல் நுழைத்து மூட்டைப் பிடிக்கும் குழாய் வடிவக் கருவி வேண்டும். அதைவிட முக்கியம், ரேக் எண்டைத் திருகும் விசை ரேக்கின் வழியாகப் பினியன் பற்களுக்குப் போகாமல், ரேக்கை இன்னொரு ஸ்பானரால் பிடித்துக்கொள்வது. பைப் ரெஞ்சைப் போட்டு முறுக்கிவிட்டு, ஸ்டியரிங்கில் புதிதாக ஒரு சிக்கல் வந்ததாகக் கொண்டுவரும் கார்களை நான் பார்த்திருக்கிறேன்.

ரேக்கைப் பற்றி எனக்கு உறுதியான கருத்து உண்டு. முதலில், அது உண்மையிலேயே போயிருக்கிறதா என்று கேளுங்கள். ரேக் எண்டில் ஆட்டம் இருந்தாலே ரேக் போய்விட்டது என்று சொல்லும் பழக்கம் பரவலாக இருக்கிறது, இரண்டும் ஒன்றல்ல. ரேக்கின் ரப்பர் உறையை விலக்கிப் பார்த்து, ரேக் தண்டு பளபளப்பாக, கிரீஸோடு இருந்தால் அதை மாற்ற அவசரம் இல்லை. உங்கள் கார் 2015 டிசம்பர் வெள்ளத்திலோ 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதோ சக்கரம் மூழ்க நின்றிருந்தால் மட்டும் கூடுதல் சந்தேகம் கொள்ளலாம். கிழிந்த பூட் வழியாகப் புகுந்த நீர் ரேக்கில் துருவை ஏற்றியிருக்கும், அந்தத் துரு உள்ளேயிருக்கும் புஷ்ஷை அரம்போல அரைத்துவிடும். உண்மையிலேயே மாற்ற வேண்டி வந்தால் பட்டறையில் கொடுங்கள். ஸ்டியரிங் தண்டை ரேக்கிலிருந்து பிரித்தபின் ஸ்டியரிங் சக்கரம் தன் போக்கில் சுற்றிவிட்டால், ஏர்பேக் உள்ள கார்களில் அதற்கு மின்சாரம் கொண்டுசெல்லும் சுருள் நாடா அறுந்துவிடும். ஏர்பேக் விளக்கு எரியும், விபத்தில் ஏர்பேக் விரியாமல் போகலாம். மாட்டும்போது தண்டின் இணைப்பு போல்ட் சரியாக உட்காராவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ரேக்கின் அடியில் வில் வைத்து அழுத்தும் ஒரு சரிசெய் திருகு உண்டு. ஒலி வருகிறது என்று போனால், சில இடங்களில் ரேக்கை டைட் செய்து தருகிறேன் என்று அந்தத் திருகை இறுக்கிவிடுவார்கள். ஒலி நின்றுவிடும், நீங்களும் மகிழ்ச்சியோடு வருவீர்கள். ஆனால் அதிகம் இறுக்கினால் வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது. கையை எடுத்தால் கார் திருப்பிய பக்கமே போய்க்கொண்டிருக்கும். ஒலியோடு ஓடும் காரைவிட இது பல மடங்கு ஆபத்தானது. தேய்ந்த மூட்டை மாற்றுவதற்கு அது ஒருபோதும் மாற்றல்ல. அப்படி இறுக்கிய பிறகு ஸ்டியரிங் கனமானதாகத் தோன்றினால் அன்றே திரும்பப் போய்ப் பழையபடி வைக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக அலைன்மெண்ட். அளந்து பொருத்தியிருக்கிறேனே, இது எதற்கு என்று தோன்றலாம். கணக்கைப் பாருங்கள். டை ராட் கம்பியின் திருகுப் புரி இடைவெளி பொதுவாக 1.25 அல்லது 1.5 மில்லிமீட்டர். நக்கிளின் நெம்பு நீளத்தை 130 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு சுற்று தவறினால் சக்கரம் அரை டிகிரிக்கும் மேல் திரும்பிவிடும். ஏறக்குறைய 620 மில்லிமீட்டர் விட்டமுள்ள உங்கள் டயரில் அது முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இடையே ஆறு அல்லது ஏழு மில்லிமீட்டர் வித்தியாசம். இந்த மாதிரிச் சிறிய கார்களுக்கு அனுமதி ஓரிரு மில்லிமீட்டர்தான். கால் சுற்றுத் தவறுகூட எல்லையைத் தொட்டுவிடும். டேப் வைத்து அந்தத் துல்லியத்தை வீட்டில் கொண்டுவர முடியாது. உங்கள் அளவெல்லாம் அலைன்மெண்ட் கடை வரை மெதுவாக ஓட்டிப் போவதற்குத்தான்.

போகும் முன் நான்கு டயர்களிலும் காற்றைச் சரிபாருங்கள். கடையில், ஸ்டியரிங்கை நேராகப் பூட்டிவிட்டு அளக்கிறார்களா என்று கவனியுங்கள். கம்பியைத் திருப்பும் முன் ரேக் பூட்டின் வெளிக் கிளிப்பைத் தளர்த்த வேண்டும். இல்லாவிட்டால் பூட் கம்பியோடு சேர்ந்து முறுக்கிக்கொண்டு சில வாரங்களில் கிழியும், மறுபடியும் நீர், மறுபடியும் துரு. முன்னும் பின்னும் எடுத்த அளவுகளின் அச்சுத்தாளைக் கேட்டு வாங்குங்கள். அதில் இடது சக்கரத்தின் கேம்பர் எண்ணை வலதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இருந்தால் உங்கள் டயர் தேய்ந்த காரணம் அந்தத் தாளிலேயே இருக்கிறது, டை ராட் எண்டில் அல்ல. நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு சக்கர நட்டுகளையும் லாக் நட்டையும் ஒருமுறை ஸ்பானர் வைத்துப் பாருங்கள்.

சோதனைகளை முடித்துவிட்டு, எந்தப் பிடியில் ஆட்டம் தெரிந்தது, பிரேக்கை அழுத்தியபோது அது மறைந்ததா, ஸ்டெபிலைசர் லிங்க் எப்படி இருந்தது என்ற மூன்றையும் எழுதுங்கள். அச்சுத்தாளில் உள்ள கேம்பர், டோ எண்களையும் சேர்த்து அனுப்பினால் அடுத்து எதைக் கழற்றலாம், எதைக் கழற்ற வேண்டாம் என்று சொல்கிறேன். அதுவரை லோயர் பால் ஜாயிண்டில் ஆட்டம் இல்லை என்பது உறுதியாகாமல் நெடுஞ்சாலைக்கு எடுக்காதீர்கள். டை ராட் எண்ட் விட்டுப்போனால் ஒரு சக்கரம் தன் விருப்பத்துக்குத் திரும்பும். லோயர் பால் ஜாயிண்ட் விட்டுப்போனால் சக்கரமே மடிந்து கார் அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்துவிடும்.